குழந்தைகளுக்கான மெடிக்கெய்ட் ரினிவல்: ஒரு அம்மாவின் ரிவ்யூ

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதை வெளியில் சொல்வதில்லை. பொங்கல் விழாவில் கிரீன் கார்டு பற்றிப் பேசுவோம், வாடகை பற்றிப் பேசுவோம், பிள்ளையின் இன்சூரன்ஸ் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம். இங்கே எல்லோரும் ஐடி வேலையில் இல்லை. ஓட்டல் சமையல், டாக்சி, கடைக் கல்லா என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர், மருந்து, மருத்துவமனை பற்றிய ரிவ்யூ இல்லை இது. உங்கள் பிள்ளைக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று வருடா வருடம் அரசு சரிபார்க்கிறதே, அந்த ரினிவல் சேவையைப் பற்றியது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. தானாகவே புதுப்பித்துக் கொடுத்ததற்கு ஐந்துக்கு ஐந்து. காகிதம் கேட்ட பகுதிக்கு ஒன்று கொடுப்பதே அதிகம். இரண்டும் ஒரே அலுவலகம், ஒரே சட்டம், ஒரே குடும்பம்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். கணவர் ஒரு இந்திய உணவகத்தில் சமையல் மாஸ்டர். நான் பள்ளி கேஃபட்டீரியாவில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறேன், கோடை விடுமுறையில் அது நின்றுவிடும். நாத்தனார் ஸ்பான்சர் செய்து 2019-இல் கிரீன் கார்டில் வந்தோம். மகள் மதுரையில் பிறந்தவள், இப்போது எட்டு வயது. மகன் இங்கே பிறந்தவன், நாலு வயது. கிரீன் கார்டில் வந்தவர்கள் மெடிக்கெய்டுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் சட்டப்படி இங்கே வசிக்கும் குழந்தைகளுக்கு அந்தக் காத்திருப்பை மாநிலங்கள் விலக்கிக்கொள்ளலாம் என்று 2009-இல் ஒரு சட்டம் வந்தது. எங்கள் மாநிலம் விலக்கியிருக்கிறது. அதனால்தான் மகளுக்கும் கிடைத்தது. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். 'நமக்குக் கிடைக்காது' என்று கேட்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மகளுக்கு ஆஸ்துமா. தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் ஒன்று, மூச்சு முட்டும்போது இழுக்க வேண்டியது ஒன்று. கையிலிருந்து காசு கொடுத்து வாங்கும் விலையில் இல்லை. ரினிவல் கவர் வரும் மாதம் எனக்கு ஏன் தூக்கம் வராது என்பதற்கு இது போதும்.

சரி, சேவை எப்படி வேலை செய்ய வேண்டும் என்று முதலில். குழந்தைகளின் தகுதியை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. அப்படிப் பார்க்கும்போது அலுவலகம் முதலில் நம்மைக் கேட்கக் கூடாது. தன் கையில் இருக்கும் தகவலைப் பார்க்க வேண்டும். முதலாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாநிலத்துக்குத் தரும் சம்பளக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி தகவல், உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பில் இருந்தால் அதன் விவரம். இவற்றை வைத்தே தகுதி இருக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே புதுப்பித்துவிட்டு ஒரு கடிதம் மட்டும் அனுப்ப வேண்டும். இதை எக்ஸ் பார்ட்டே ரினிவல் என்கிறார்கள். தகவல் போதவில்லை என்றால்தான் ஃபார்ம். அந்த ஃபார்மிலும் அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களே நிரப்பி அனுப்ப வேண்டும், நமக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். தபால், போன், இணையம், நேரில் எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

2024-இல் எங்களுக்கு நடந்தது இந்த முதல் வகை. ஒரு மெல்லிய கவர் வந்தது. இரண்டு பிள்ளைகளின் பெயரும் போட்டு, இருவருக்கும் இன்னும் ஒரு வருடம் கவரேஜ் தொடர்கிறது, கீழே உள்ள விவரம் சரியாக இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருந்தது. வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கும் அதிலேயே இருந்தது. நான் சரிபார்த்தேன், சரியாக இருந்தது, ஃபைலில் வைத்தேன். அவ்வளவுதான். அரசாங்கம் ஒரு தாயை நடக்கவிடாமல் தானே நடந்து வேலையை முடித்த அனுபவம் எனக்கு அதுதான் முதல். அதை மனதார எழுதுகிறேன், ஏனென்றால் குறையை மட்டும் எழுதினால் இது முடியவே முடியாத காரியம் என்று நினைத்துவிடுவோம். முடிகிறது, செய்தும் காட்டினார்கள்.

2025-இல் கவர் தடிமனாக வந்தது. மகனுக்குத் தானாகவே புதுப்பித்திருந்தார்கள். மகளுக்கு மட்டும் ஃபார்ம். ஒரே வீடு, ஒரே சம்பளம், ஒருவனுக்குத் தகுதி உண்டு, ஒருத்திக்குச் சந்தேகமா என்று எனக்குப் புரியவே இல்லை. கடிதத்தில் காரணம் கிடையாது. சமூக சுகாதார மையத்தில் ஃபார்ம் நிரப்ப உதவும் ஒரு அம்மாதான் விளக்கினார். மெடிக்கெய்டில் வருமான வரம்பு குழந்தையின் வயதைப் பொறுத்தது. பல மாநிலங்களில் ஒரு வயதுக்குள் ஒரு வரம்பு, ஒன்று முதல் ஐந்து வரை இன்னொன்று, ஆறு முதல் பதினெட்டு வரை அதைவிடக் குறைந்த வரம்பு. 2025-இல் நாலு பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு வருடத்துக்கு 32,150 டாலர். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு எந்த மாநிலமும் குறைந்தது அதில் 133 சதவீதம் வரை மெடிக்கெய்ட் தர வேண்டும், வறுமைக்கோட்டில் ஐந்து சதவீதம் அளவை நம் வருமானத்திலிருந்து கழித்துப் பார்ப்பதும் உண்டு. எங்கள் மாநிலம் பெரிய பிள்ளைகளுக்கு அந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்கிறது. சின்னவனுக்குக் கொஞ்சம் தாராளம்.

அவர்கள் பார்த்த சம்பளக் கணக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலானது. உணவகத்தில் வேலை செய்யும் யாரையும் கேட்டுப் பாருங்கள், அது என்ன காலம் என்று சொல்வார்கள். தீபாவளி கேட்டரிங், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் பார்ட்டி. என் கணவர் வருடத்திலேயே அதிகம் சம்பாதிக்கும் மூன்று மாதம். ரினிவல் வந்ததோ பள்ளி மூடி என் சம்பளமும் நின்றிருந்த ஜூனில். எங்கள் மாநிலம் பார்க்க வேண்டியது அந்த மாதத்து வருமானத்தை. கையில் இருந்த கணக்கோ ஆறு முதல் எட்டு மாதம் பழசு. அந்தக் கணக்கில் மகள் வரம்பைத் தாண்டுகிறாள், மகன் தாண்டவில்லை. இதில் கணினியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, சந்தேகம் வந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 'எங்களுக்குக் கிடைத்த கணக்குப்படி உங்கள் வருமானம் இவ்வளவு, இப்போது குறைந்திருந்தால் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) அனுப்புங்கள்' என்றால் எந்த அம்மாவுக்கும் புரியும். அதற்குப் பதில் சட்டப் பிரிவுகளின் எண்கள் முதல் பக்கம் முழுக்க, கடைசித் தேதி மூன்றாவது பக்கத்தின் நடுவில்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. 2023-இல் இதே இடத்தில்தான் நாடு முழுக்கப் பிள்ளைகள் விழுந்தார்கள். கோவிட் காலத்தில் மார்ச் 2020-இல் வந்த சட்டப்படி யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று இருந்தது. அது மார்ச் 31, 2023-உடன் முடிந்தது. மூன்று வருடமாக நின்றிருந்த ரினிவலை எல்லா மாநிலங்களும் சில மாதங்களுக்குள் ஆரம்பித்தன. நாடு முழுக்க இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் தகுதி இல்லாததால் நீக்கப்பட்டவர்கள் இல்லை. ஃபார்ம் வந்து சேராதது, திரும்பி வராதது, வந்தும் முழுமையாக இல்லாதது போன்ற காரணங்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தகுதி இருந்திருக்கும். யாரும் பார்க்கவே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்றும் தெரிந்தது. பல மாநிலங்களின் கணினி ஒவ்வொரு ஆளாகப் பார்க்காமல் குடும்பத்தையே ஒரு மூட்டையாகப் பார்த்திருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தகவல் போதவில்லை என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஃபார்ம். ஃபார்ம் திரும்பி வராவிட்டால் தகுதி உள்ள குழந்தையும் வெளியே. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வருமான வரம்பு அதிகம் என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை. சிப்பையும் (மெடிக்கெய்ட் வரம்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கான இன்னொரு அரசுக் காப்பீடு) சேர்த்துப் பார்த்தால் மாநிலங்களின் நடு அளவு வறுமைக்கோட்டின் 255 சதவீதம். அதாவது பெற்றோருக்குத் தகுதி போன பிறகும் பிள்ளைகளுக்கு இருப்பதுதான் சகஜம். அதையே கணினி மறந்துவிட்டது. கூட்டரசு (ஃபெடரல் அரசு) தலையிட்ட பிறகு முப்பது மாநிலங்களுக்குப் பக்கத்தில் தவறைத் திருத்த, ஐந்து லட்சம் பேர் அளவுக்குக் கவரேஜ் திரும்பக் கிடைத்தது. அவர்களில் நிறையக் குழந்தைகள். 2025-இல் என் மகன் பெயருக்கு நேரே 'தொடர்கிறது' என்று தனியாக இருந்ததைப் பார்த்தபோது, அந்தத் திருத்தம் எங்கள் வீட்டுத் தபால் பெட்டி வரை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மகளின் ஃபார்ம். கணவரின் பே ஸ்டப், என் பள்ளியிலிருந்து கோடையில் சம்பளம் இல்லை என்று ஒரு கடிதம், இரண்டையும் போட்டோ எடுத்து மெடிக்கெய்ட் இணையதளமான போர்ட்டலில் ஏற்றினேன். 'பெறப்பட்டது' என்று எண்ணோடு வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். கடைசித் தேதிக்கு வெகு முன்பே. அதன் பிறகு ஒரு நோட்டீஸ்: கேட்ட தகவல் வராததால் மாதக் கடைசியோடு மகளின் கவரேஜ் முடிகிறது.

தகவல் வரவில்லை என்று எழுதியவர் தேடினாரா என்பதுதான் என் கேள்வி. வராதது ஒன்று, வந்ததைப் பார்க்காதது வேறு. எட்டு வயதுப் பிள்ளையின் மருந்தை நிறுத்தும் கடிதத்தை அனுப்பும் முன், அந்தக் கேஸின் பெயரில் போர்ட்டலில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு படி இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் படி இல்லை, அல்லது இருந்தும் நடக்கவில்லை. ஐந்துக்கு ஒன்று என்று நான் சொன்னது இதற்குத்தான்.

போனில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுத வேண்டியது மொழிபெயர்ப்பாளரைப் பற்றி. எனக்கு ஆங்கிலம் கடையில், பள்ளியில் பேசுகிற அளவுக்கு வரும். ஆனால் அதிகாரியோடு வாதாடும்போது வார்த்தை கிடைக்காமல் நிற்கும். எடுத்ததும் 'டமில்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கூட்டரசின் பணம் வாங்கும் சுகாதாரத் திட்டங்கள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம். நம் மொழி அவர்கள் கடிதத்தின் பட்டியலில் இல்லாவிட்டாலும் கேட்கலாம். எனக்கு இணைப்பில் வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. என் குரல் நடுங்கியதைக் கேட்டிருப்பார். அதிகாரி சொன்னதைக் கேட்டுவிட்டு, "பதட்டப்படாதேங்கோ தங்கச்சி, நீங்கள் அனுப்பினது வந்திருக்குதாம். ஆனா உங்கட கேஸோட இன்னும் சேர்க்கேல்லையாம்" என்றார். எண்ணைச் சொன்னேன், அதிகாரி தேடி எடுத்தார். தேடினால் கிடைக்கிற இடத்தில்தான் இருந்தது.

ஆனால் சேர்த்துவிடுகிறோம் என்ற வாய்வார்த்தையோடு நான் விடவில்லை. ஃபேர் ஹியரிங், அதாவது அலுவலகத்தின் முடிவை எதிர்த்து ஒரு விசாரணை, வேண்டும் என்று அந்த போனிலேயே கேட்டேன். சுகாதார மையத்து அம்மா சொல்லிக் கொடுத்தது இது. கவரேஜை நிறுத்துவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் நோட்டீஸ் வர வேண்டும். நிறுத்தும் தேதிக்கு முன் நாம் ஹியரிங் கேட்டுவிட்டால், முடிவு வரும் வரை மெடிக்கெய்ட் தொடர வேண்டும். தோற்றால் அந்த இடைக்காலச் செலவைத் திரும்பக் கேட்க மாநிலத்துக்கு இடம் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது, வருமானமும் வரம்புக்குள் இருந்தது, பயப்பட ஒன்றும் இல்லை. ஹியரிங் தேதி வருவதற்கு முன்பே மகளின் கவரேஜ் புதுப்பிக்கப்பட்டதாகக் கடிதம் வந்துவிட்டது. இன்ஹேலர் ஒரு மாதமும் தவறவில்லை.

தேதி தாண்டிப் போய்விட்டவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். ஃபார்ம் அனுப்பாததால் நீக்கப்பட்டால் 90 நாளுக்குள் அதே ஃபார்மையும் ஆவணங்களையும் கொடுக்கலாம், புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லக் கூடாது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம் இதைத் தெரியாமலே குழந்தையின் பல் வைத்தியத்தைத் தள்ளிப் போட்டிருந்தது. மெடிக்கெய்டில் பிள்ளைகளுக்குப் பல், கண், காது எல்லாம் அடக்கம்.

இன்னொரு குறை. வருமானம் நிஜமாகவே தாண்டியிருந்தாலும் கதை அதோடு முடியக் கூடாது. மெடிக்கெய்ட் வரம்பைத் தாண்டிய பிள்ளைக்குச் சிப் கிடைக்குமா என்று அலுவலகமே பார்க்க வேண்டும். 1997-இல் சிப் வந்ததே இந்த நடு இடத்துக் குழந்தைகளுக்காக. எனக்கு வந்த நோட்டீஸில் 'முடிகிறது' என்ற சொல் பெரிதாக இருந்தது, சிப் என்ற சொல்லே இல்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மாற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரி 1, 2024 முதல் எல்லா மாநிலங்களிலும் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 12 மாதத் தொடர் கவரேஜ் கட்டாயம். ஒரு முறை தகுதி கிடைத்தால் நடுவில் சம்பளம் ஏறினாலும் வருடம் முடியும் வரை எடுக்க மாட்டார்கள். 19 வயது ஆவது, மாநிலம் மாறிப் போவது, நாமே வேண்டாம் என்பது போன்ற சில காரணங்கள்தான் விலக்கு. என் கணவர் தீபாவளி ஓவர்டைமை யோசிக்காமல் ஒப்புக்கொள்கிறார் என்றால் இதனால்தான். இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு டெக்சாஸைச் சொல்வார்கள். அங்கே 2021-இல் சட்டம் மாறும் வரை குழந்தைகள் மெடிக்கெய்டில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டாம் மாதங்களில் வருமானச் சோதனை நடந்தது, கடிதம் வந்தால் பதில் சொல்ல 10 நாள். தபால் வந்து சேரவே பாதி போய்விடும்.

ஒரிகன் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிறந்தது முதல் ஆறு வயது வரை சோதனையே வேண்டாம் என்று 2022-இல் அனுமதி வாங்கியது. வாஷிங்டன் மாநிலமும் நியூ மெக்சிகோவும் பின்னால் வந்தன. ஜூலை 2025-இல் இப்படிப்பட்ட பல வருட அனுமதிகளை இனிப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லை என்று கூட்டரசு அறிவித்துவிட்டது. தடுப்பூசியும் வளர்ச்சிப் பரிசோதனையும் அடுத்தடுத்து இருக்கும் வயது அது. அந்த வயதில் ஒரு மாதம் விட்டாலும் பின்னால் பிடிப்பது கஷ்டம். நல்ல முயற்சியைப் பாதியில் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து வருவதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஜூலை 4, 2025-இல் கையெழுத்தான சட்டப்படி, மெடிக்கெய்ட் விரிவாக்கத்தின் (வருமானம் குறைந்த பெரியவர்களுக்கும் திட்டத்தைத் திறந்த ஏற்பாடு) கீழ் இருக்கும் பெரியவர்களுக்கு 2027 தொடக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரினிவல். குழந்தைகளுக்கு அது பொருந்தாது, அவர்களுக்கு வருடத்துக்கு ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே கேஸ் எண். ஐந்து வருடம் முடிந்ததால் நானும் கணவரும் இப்போது அந்தக் கேஸில்தான் இருக்கிறோம். அடிக்கடி கவர் வரும், எது யாருடையது என்று குழம்பும். பெற்றோரின் ஃபார்ம் எங்காவது நின்றுபோனால் அதைக் காட்டிப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. கவரைப் பிரித்ததும் முதலில் எந்தப் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையின் பெயர் நீக்கப் பட்டியலில் இருந்தால் அன்றைக்கே போன் போடுங்கள், 'டமில்' என்று சொல்லுங்கள், ஹியரிங் கேளுங்கள்.